முள் ஏறுகிறதா, தண்ணீர் கொதிக்கிறதா?

கித்துல்கலை தாண்டி கினிகத்தேனைக்கு ஏறுகிற பாதையில், வாரக் கடைசியானால் எப்படியும் ஒரு வண்டி பொனட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்கும். ஒருவர் கையில் தண்ணீர்ப் போத்தல், இன்னொருவர் கையில் போன், பின் சீட்டில் வாந்தி வருகிறது என்று சிணுங்கும் பிள்ளை. முன்பு அப்படி நின்றவை பெரும்பாலும் பழைய டீசல் வேன்கள். இப்போது அவற்றுக்குத் துணையாக, வழியெல்லாம் ஊரை எழுப்பிக்கொண்டு வந்த மொடிஃபைட் கார்களும் நிற்கின்றன.

என் மச்சானின் டொயோட்டா ஸ்டார்லெட்டும் அந்த வரிசையில் நின்றதுதான். தொண்ணூறுகளில் வந்த கார். 2020இல் வாகன இறக்குமதி நின்றுபோய் 2025 வரை திறக்காமல் இருந்ததில், இருக்கிற வண்டியையே செதுக்கிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு வந்தது போல அவனுக்கும் வந்தது. சாதாரண எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே ஸ்டார்லெட்டின் ஜீடி ரகத்தில் வரும் டர்போ எஞ்சினை இறக்கினான். அன்றிலிருந்து ஹட்டனை நெருங்கும்போதெல்லாம் டெம்பரேச்சர் முள் சிவப்புப் பக்கம் தாவும். மூன்று மாதத்தில் ரேடியேட்டர் மாற்றினான், வோட்டர் பம்ப் மாற்றினான், தெர்மோஸ்டட் மாற்றினான். பிறகு ஒரு கராஜில் சொன்னார்கள் என்று அந்தப் புதுத் தெர்மோஸ்டட்டையும் கழற்றி எறிந்தான். முள் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு இரண்டு. இரண்டையும் சரிசெய்ய ஆன செலவு, அவன் வாங்கிய வோட்டர் பம்பின் விலைக்குக் கிட்டவும் வராது. அவை என்னவென்று போகப் போகச் சொல்கிறேன். முதலில் வண்டி ஏன் சூடாகிறது என்று பார்ப்போம்.

தண்ணீர் போகும் வழி

பெற்றோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மிச்சம் எஞ்சினின் இரும்பிலும் அலுமினியத்திலும் இறங்கும். அதை அள்ளிக்கொண்டு போய் வெளிக்காற்றில் கொட்டுவதுதான் கூலிங் சிஸ்டத்தின் வேலை.

வோட்டர் பம்ப் கூலன்ட்டைத் தள்ளுகிறது. எஞ்சினைச் சுற்றிச் சூடான கூலன்ட் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்பி வருகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றும்; நிற்கும்போது ஃபேன் அந்த வேலையைச் செய்யும். இடையில் ஒரு காவல்காரன் இருக்கிறான், அவன்தான் தெர்மோஸ்டட். அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரிந்தால் கதவு திறக்கும், ஆறினால் மூடும். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 82 அல்லது 88 பாகையில் திறக்கத் தொடங்கும். எண் அதன் தகட்டிலேயே அடித்திருக்கும்.

தெர்மோஸ்டட்டைக் கழற்றிவிடுவது நம் பக்கத்தில் பழைய கைவைத்தியம். கதவே இல்லாவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும்தானே என்ற கணக்கு. ஆனால் பல எஞ்சின்களில் இந்தச் சாமானுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்குள்ளேயே திரும்பும் குறுக்குவழியை அது அடைத்தும் விடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்ப வரும். ஏற்றத்தில் சூடு கூடும். சமதரையிலும் இறக்கத்திலும் இதற்கு நேர்மாறாக எஞ்சின் சூடேறவே ஏறாது. குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்து, எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியு பெற்றோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். பெற்றோல் செலவு ஏறும், புகை கறுக்கும். வருடா வருடம் லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது அந்தக் கைவைத்தியம் அங்கே வந்து நிற்கும்.

நுவரெலியாவில் பருப்பு வேகச் சுணங்குவது ஏன்?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். 100 பாகைக்குப் பதிலாக ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். கொதித்த பிறகு சூடு அதற்கு மேல் ஏறாது. அதனால்தான் திறந்த சட்டியில் பருப்பு வேக அவ்வளவு நேரமாகிறது. கொழும்பிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும் விஷயம் இது.

இதை எஞ்சினுக்குப் பொருத்திப் பாருங்கள். எஞ்சின் வழக்கமாக வேலை செய்யும் சூடே 85 முதல் 95 பாகை. பல கார்களில் ஃபேன் ஓடத் தொடங்குவதே 90க்கு மேல்தான். ரேடியேட்டர் திறந்த சட்டியாக இருந்தால், ஃபேன் ஓடுகிற நேரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். நம்மைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடியல்ல, பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி. மேலே 0.9 அல்லது 1.1 என்று அடித்திருப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அவ்வளவு சேரும்வரை அது எதையும் வெளியே விடாது. நல்ல 0.9 மூடி, நுவரெலியாவிலும் வெறும் தண்ணீரின் கொதிநிலையை 115 பாகை வரை தூக்கிவிடும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில பாகை கூடும்.

மூடியில் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது கூலன்ட் சுருங்குமல்லவா, அப்போது ரிசேர்வ் போத்தலில் இருப்பதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது அதன் வழியாகத்தான். அது அடைபட்டால் இரண்டு அடையாளம் தெரியும். காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் உறிஞ்சியது போல ஒட்டிக் கிடக்கும். அல்லது போத்தல் நிறைந்து வழிந்திருக்க, ரேடியேட்டர் மட்டும் குறைந்திருக்கும்.

மச்சானின் முதல் கோளாறு இதுதான். புது ரேடியேட்டரோடு வந்த மூடி ஆயிற்றே என்று ஒருவரும் அதைச் சந்தேகப்படவில்லை. அதன் றப்பர் பிஸ்கட் மாதிரி காய்ந்திருந்தது. கொழும்பில் ஓடும்வரை கோளாறு வெளியே தெரியவில்லை. மேலே ஏற ஏறக் கொதிநிலை இறங்கிக்கொண்டே வந்து, றம்பொடை அனுமார் கோயிலில் நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் போத்தல் கொப்பளித்துவிட்டது. மலைநாட்டில் ஓடும் கார் சூடானால் நான் முதலில் கைவைப்பது மூடியில்தான். சாமானில் அதைவிட மலிவானது வேறில்லை, தப்பாக இருக்க வாய்ப்பும் அதற்கு நிறைய. வாங்கும்போது பழையதில் இருந்த அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பெரிய எண் போட்டால் நல்லதென்று 1.3 மாட்டினால் பழைய ஹோஸ்தான் வெடிக்கும்.

சரி, குளிர் ஊர்தானே, காற்றே வண்டியை ஆற்றிவிடாதா என்று கேட்பார்கள். ஓரளவுக்கு ஆற்றும். ஆனால் காற்று குளிர்ந்திருக்கும் அளவுக்கு மெலிந்தும் இருக்கிறது. குளிரால் வரும் லாபத்தை மெலிவு ஏறக்குறைய தின்றுவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஏற்றம். இரண்டாம் கியரில், நாலு பேரும் சாமானுமாக, மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றரில் ஒரு லொறியின் பின்னால் ஏறும்போது எஞ்சின் முழு வேலை செய்கிறது. முன்னாலிருந்து காற்றோ வருவதில்லை. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குள் நுழையும் வாகன வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. தோட்டத்துப் பீலியில் பிடித்த தண்ணீர் குடிக்க அமிர்தமாக இருக்கலாம். ரேடியேட்டருக்கு அது அவசரத்துக்கு மட்டும்தான். கூலன்ட் என்பது வெறும் பச்சைச் சாயமல்ல. கொதிநிலையைக் கூட்டுகிறது, முக்கியமாக உள்ளே துரு பிடிக்காமல் காக்கிறது. ஒருவருடம் பீலித் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரைக் கழற்றினால் செம்மண் குழம்பு மாதிரி வரும். அந்தச் சேறு அடைத்த குழாய்களில் எந்தப் பம்பாலும் தண்ணீரைத் தள்ள முடியாது.

எப்போது சூடாகிறது?

கராஜுக்குப் போனால் நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவர் முதலில் கேட்பது இதைத்தான். எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எப்போது என்பது முக்கியம்.

நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று வரவில்லை என்று பொருள். ஃபேன், அதன் ரிலே, பியூஸ், சுவிட்ச் இவற்றைப் பார்க்க வேண்டும். ஏசியைப் போட்டதும் ஃபேன் ஓட வேண்டும்; பெரும்பாலான கார்களில் அது சுலபமான சோதனை. ஓடுகிறதா என்பதோடு எந்தப் பக்கம் ஊதுகிறது என்றும் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் அது ரேடியேட்டரில் ஒட்ட வேண்டும். வெளியே பறந்தால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், இப்படி இரண்டு கார்களை நானே பார்த்திருக்கிறேன்.

நிற்கும்போது ஒன்றுமில்லை, ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறது என்றால் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது ரேடியேட்டரின் கொள்ளளவு போதவில்லை. உள்ளே அடைப்பு, வெளியே சேறும் பூச்சியும் அடைத்த தகடுகள், வழுக்கும் பெல்ட், தேய்ந்த பம்ப், அரைகுறையாகத் திறக்கும் தெர்மோஸ்டட் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கை சொல்வதையும் கேட்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மேல் ஹோஸ் சுட, கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீர் போலக் கிடந்தால் தெர்மோஸ்டட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. ஃபேன் எப்போது வேண்டுமானாலும் ஓடத் தொடங்கும், விரலைத் தள்ளி வையுங்கள்.

ஸ்டார்ட் செய்த ஐந்து நிமிடத்திலேயே முள் பறந்தால் கதை வேறு. தெர்மோஸ்டட் மூடியபடி இறுகியிருக்கலாம், உள்ளே காற்று சிக்கியிருக்கலாம், எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் இடையே அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். எஞ்சின் மாற்றிய கார்களில் காற்று சிக்குவது சகஜம், ஏனென்றால் ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்வாகப் போய்விடுகிறது. காற்றை எடுக்க வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை மெல்ல ஊற்ற வேண்டும். கொழும்பில் இதற்கு ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். நமக்குச் சரிவு தேட வேண்டியதில்லை.

செய்து வைத்த வேலைகளில் ஒளிந்திருப்பவை

கம்பனி விட்ட காரில் கூலிங் சிஸ்டம் அந்த எஞ்சினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. சக்தியைக் கூட்டினால் சூடும் கூடும். டர்போவை ஆற்றுவதும் பல எஞ்சின்களில் இதே கூலன்ட்தான். மச்சானின் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். டர்போ அழுத்திச் சூடாக்கும் காற்றை ஆற்றுவது இன்டர்கூலர். கம்பனி அதில் இன்டர்கூலரை எஞ்சினுக்கு மேலே வைத்து, பொனட்டில் வாய் வெட்டிக் காற்று விட்டிருந்தது. அழகுக்காகவும் பவருக்காகவும் அதைக் கழற்றி, பெரிய இன்டர்கூலரை முன்னால் மாட்டுகிறார்கள். இனி ரேடியேட்டருக்கு வருவது இன்டர்கூலரைத் தாண்டி, ஏசி கன்டென்சரைத் தாண்டி, ஏற்கனவே சூடான காற்று. அதற்கும் முன்னால் எல்ஈடி லைட் பார் ஒன்று, நடுவில் நம்பர் பிளேட்.

காற்று சோம்பேறி. சுலபமான வழி இருந்தால் ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கத்தால் போய்விடும். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கம்பனி வைத்த பிளாஸ்டிக் தகடுகளையும் ஸ்பொஞ்சையும் கழற்றி மூலையில் போட்டுவிடுவதுதான் மொடிஃபை வேலையில் நடக்கும் பெரிய தப்பு என்பேன். ஃபேனைச் சுற்றியிருக்கும் கவசமும் அப்படித்தான். அது இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள இடத்தை மட்டும் ஆற்றும். ரேடியேட்டரின் நான்கு மூலையும் சும்மா கிடக்கும். பெரிய அலுமினிய ரேடியேட்டர் வாங்குமுன் அந்தத் தகடுகளைத் தேடி எடுத்து மாட்டிப் பாருங்கள்.

டியூனிங் தப்பாக இருந்தாலும் சூடு ஏறும். ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் தீ பிந்தி எரிந்து, அந்தச் சூடு ஹெட்டில் இறங்கும். டர்போவின் அழுத்தமான பூஸ்ட் ஏறும்போது பெற்றோல் குறைந்தால் அதைவிட ஆபத்து. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் பிஸ்டனைக் காப்பாற்றாது. இது கையால் தொட்டுக் கண்டுபிடிக்கும் வேலையல்ல, டியூன் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

இப்போது மச்சானின் இரண்டாவது கோளாறு. மூடி மாற்றிய பிறகு கொப்பளிப்பது நின்றது. முள் மட்டும் பழையபடி ஹட்டனை நெருங்கும்போது தாவியது. அதுவும் மெல்ல ஏறாமல், சொடுக்கியது போல. தண்ணீர் ஒரு நொடியில் சூடாகாது. அப்படித் தாவுவது தண்ணீராக இருக்க முடியாது, கரண்ட்டாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய கார்களில் சூட்டைப் பார்க்க இரண்டு மூன்று சென்சர்கள் தனித்தனியாக இருக்கும். டாஷ்போர்ட் முள்ளுக்கு ஒற்றை வயர் கொண்ட ஒன்று, ஈசியுவுக்கு இரண்டு வயர் கொண்ட ஒன்று, சில கார்களில் ஃபேனுக்கு மூன்றாவதாக ஒரு சுவிட்ச். ஒற்றை வயர் சென்சர் எர்த் எடுப்பது எஞ்சின் உடம்பிலிருந்து. எஞ்சின் மாற்றும்போது எஞ்சினையும் வண்டியின் கூடான பொடியையும் இணைக்கும் எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கிவிட்டால் தொடர்பு அரைகுறையாகும். பிறகு ஹெட்லைட் போட்டால் அதன் கரண்ட் திரும்ப வழியில்லாமல் திணறும். எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையே சிறு வோல்டேஜ் வித்தியாசம் பிறக்கும். அந்த வித்தியாசத்தை முள் சூடு என்று எடுத்துக்கொள்ளும்.

அவனுக்கு ஏன் ஹட்டன் பக்கம்? அங்கே வரும்போதுதான் பனிமூட்டம் தொடங்கும். ஹெட்லைட்டும் முன்னால் பூட்டியிருந்த மேலதிக லைட்டுகளும் எரியும். சிவப்புக்குப் போனது முள்தான், எஞ்சின் அல்ல. இந்தச் சோதனையை யாரும் வீட்டு வாசலில் செய்யலாம்: எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டு, முள் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஹெட்லைட், புளோவர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். முள் கூடவே நகர்ந்தால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நல்ல தடித்த வயராகப் போடுங்கள்.

உண்மையான சூட்டை அறிய ஐஆர் வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் நல்லது. தெர்மோஸ்டட் இருக்கும் அலுமினிய மூடிமேல் கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் நேரே பிடித்தால் குறைத்துக் காட்டும். கொவிட் காலத்தில் வாங்கி வைத்த நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது.

செக் எஞ்சின் லைட் என்ன சொல்கிறது?

புதுக் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் கொண்ட ஓபிடி சொக்கட் இருக்கும்; ஈசியு கண்ட கோளாறுகளைப் படிப்பது அதன் வழியாகத்தான். சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் போனிலேயே கோளாறின் எண், அதாவது கோட், வரும். ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பழைய கார்களில் சொக்கட் இருந்தும் மலிவு ஸ்கேனர் பேசாது. அதற்கும் முந்தியவற்றில் லைட் மினுங்குவதை எண்ண வேண்டும். டொயோட்டாவில் எஞ்சின் அறையில் இருக்கும் சோதனைப் பெட்டியில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு துளைகளை வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், இரண்டு மினுக்கு, ஓர் இடைவெளி, மீண்டும் இரண்டு மினுக்கு வரும். அது 22, தண்ணீர்ச் சூட்டு சென்சரின் வயர்க் கோளாறு. பழைய ஹொண்டாவில் அதே கோளாறுக்கு எண் 6.

புதுக் கார்களில் அடிக்கடி கண்ணில் படுவன இவை. பி0217 வந்தால் எஞ்சின் உண்மையிலேயே மிதமிஞ்சிச் சூடானதாக ஈசியு கண்டிருக்கிறது, ஓட்டாதீர்கள். பி0128 அதற்கு நேர் எதிர். தெர்மோஸ்டட் வைத்திருக்க வேண்டிய சூட்டுக்கு எஞ்சின் ஏறவில்லை. தெர்மோஸ்டட் திறந்தபடி நின்றுவிட்ட கார்களிலும், கழற்றி எறிந்த கார்களிலும் இது வரும். நுவரெலியாவிலிருந்து புசல்லாவைப் பக்கம் காலைக் குளிரில் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கிக்கொண்டே போனால் இந்த லைட் எரிவதைப் பார்க்கலாம். பி0480, பி0481 இரண்டும் ஃபேனைக் கட்டுப்படுத்தும் வயர் பற்றியவை. ஃபேனுக்குத் தனி சுவிட்ச் வைத்து, கம்பனி ரிலேயைக் கழற்றிய கார்களில் ஃபேன் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கோட் வரும். ஈசியு தன் ரிலேயைத் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

புதியவர்கள் குழம்புவது பி0117, பி0118 இரண்டிலும். ஈசியு சென்சருக்கு 5 வோல்ட் அனுப்பிப் பார்க்கிறது. சென்சர் சூடாக ஆக அதன் தடை குறையும், ஆகவே வோல்டேஜும் குறையும். பி0117 என்றால் வோல்டேஜ் அளவுக்குமீறிக் குறைவு. வயர் எங்கோ உரசி எர்த்தாகிவிட்டது. ஈசியு பார்வையில் எஞ்சின் எரிமலை. பி0118 என்றால் வோல்டேஜ் அளவுக்குமீறி அதிகம். வயர் அறுந்திருக்கிறது, அல்லது பிளக் கழன்றிருக்கிறது. ஸ்கேனரில் பார்த்தால் பெரும்பாலும் கழித்தல் 40 பாகை காட்டும். நுவரெலியாவில் ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தாலும் கழித்தல் 40 வராது. அந்த எண்ணைக் கண்டால் வயரைத்தான் பார்க்க வேண்டும். இந்த நிலையில் பல கார்கள் பாதுகாப்புக்காக ஃபேனை நிறுத்தாமல் ஓட்டும்.

கோட்டைக் கண்டவுடன் அழித்துவிடாதீர்கள். கோட் விழுந்த நொடியில் சூடு, வேகம், சுற்று எவ்வளவு இருந்தன என்று ஈசியு ஒரு குறிப்பு எடுத்து வைத்திருக்கும். 112 பாகை, மணிக்கு 18 கிலோமீற்றர் என்று இருந்தால் ஏற்றத்தில் ஊர்ந்தபோது நடந்தது என்று தெரிந்துவிடும். அழித்தால் அதுவும் போகும்.

லைட் எரியாததால் வண்டி நலம் என்றும் எண்ண வேண்டாம். பழைய ஈசியுக்களுக்கு 115 பாகை என்பது சூடான எஞ்சின், அவ்வளவுதான். சென்சர் வயர் சரியாக இருந்தால் அது வாயைத் திறக்காது. டாஷ்போர்ட் முள்ளும் பல கார்களில் நடுவில் சும்மா நிற்கும்படி செய்யப்பட்டது. எஞ்சின் 80லிருந்து 100 தாண்டும்வரை அது அசையாது, அசையும்போது காலம் கடந்திருக்கும். விட்ஸ் போன்ற கார்களில் முள்ளே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். எல்லாவற்றிலும் மோசமான அடையாளம், ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுவது. ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீர் முழுதும் போய், சென்சர் வெறுங்காற்றில் தொங்குகிறது. அந்த இடத்திலேயே எஞ்சினை அணையுங்கள்.

கேஸ்கட் பயம்

ஹெட் கேஸ்கட் போனால் ஓயில் மூடியின் அடியில் பால் போலப் படியும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். இந்த இரண்டையும் மட்டும் நம்பி மலைநாட்டில் ஹெட்டைக் கழற்றினால் வீண் செலவு. குளிர் ஊரில் டவுனுக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் நல்ல காரிலும் அந்தப் பால் படியும். அது காற்றின் ஈரம். காலை ஆறு மணிக்கு நுவரெலியாவில் எல்லா வண்டியும் வெள்ளைப் புகைதான் விடும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், ஓயிலே பால் தேநீர் நிறமானால் அது உண்மை. பத்து நிமிடம் ஓடிய பிறகும் புகை அடர்ந்து, இனிப்பு வாசம் அடித்தால் அது உண்மை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும், காலையில் முதல் சில நொடி ஒரு சிலிண்டர் தட்டுத்தடுமாறி பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒன்று விழுந்து, கூலன்ட்டும் சொட்டில்லாமல் குறைந்துகொண்டே வந்தாலும், ஹெட்டைக் கழற்ற ஆள் பார்க்கலாம். அப்புறம் ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளக்காமல் புதுக் கேஸ்கட்டை மட்டும் போட விடாதீர்கள்.

பாதையில் ஏறிவிட்டால்

முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். வியர்த்துக் கொட்டும், ஆனால் அடுத்த அகலமான இடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆவி வந்துவிட்டால் அந்த வித்தையெல்லாம் வேண்டாம், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். வளைவில் நிறுத்த வேண்டாம். ஹேன்ட்பிரேக், கியர், டயருக்குப் பின்னால் கல்.

மூடியைத் தொடாதீர்கள். அதன் கீழே இருப்பது 100 பாகையைத் தாண்டிய தண்ணீர். மூடி தளர்ந்த நொடியில் முகத்துக்கு வரும். மேல் ஹோஸை அழுத்தினால் மெத்தென்று அமுங்கும்வரை, குறைந்தது அரை மணி நேரம், பிளேன்டீ குடித்துக்கொண்டு இருங்கள். எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரை வீசி ஊற்றுவதும் வேண்டாம், ஹெட்டில் வெடிப்பு விழும். ஆறிய பிறகு துணியை வைத்து மூடியைப் பாதி திருப்பி, சீறல் அடங்கியதும் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இந்த நேரத்தில் பீலித் தண்ணீரும் பரவாயில்லை, வீட்டுக்குப் போனதும் கழுவிக் கூலன்ட் போட்டால் சரி.

புறப்படும்போது டயருக்கு வைத்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். பனிமூட்டத்தில் பின்னால் பைக்கில் வருபவருக்கு அது தெரியாது.